ராக்கை விடுங்கள், இன்ஜினை நகர்த்துங்கள்!

கேள்வி: நானும் என் மச்சானும் லோட்டஸ் செவன் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பாணியில் இரண்டு சீட் கார் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். சேஸிஸ் 25 மி.மீ. சதுர டியூப், வீட்டு ஷெட்டிலேயே வெல்டிங் செய்தது. ஜிப்ஸியின் 1.3 லிட்டர் இன்ஜினும் கியர்பாக்ஸும், மாருதி 800-இன் ஸ்டியரிங் ராக் (ஸ்டியரிங் சுற்றுவதை இட வல அசைவாக்கி வீலைத் திருப்பும் பற்சட்டம்). இன்ஜினை இறக்கி உட்கார வைத்தால் வலது பக்க மவுண்டிங் பிராக்கெட்டுக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ராக்குக்குப் போகும் ராடுக்கும் நடுவே 6 மி.மீ.தான் இருக்கிறது. சும்மா ஓடும்போது தொடவில்லை, ரேஸ் செய்தால் 'டக்' என்று இடிக்கிறது. ராக்கை 40 மி.மீ. கீழே இறக்கிவிட்டால் தீர்ந்தது என்கிறார் வெல்டர். செய்யலாமா?
- அம்பத்தூர் வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். வெல்டருக்கு அது அரை நாள் வேலை, உங்களுக்கு அது காரின் ஆயுசு முழுக்கத் தலைவலி. ராக் இருக்கும் உயரம் வீலைத் தாங்கி ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் ஆர்மோடு கணக்குப் போட்டு வைத்தது. அதைக் கலைத்தால் ராக்கிலிருந்து வீலுக்குப் போகும் டை ராடு ஒரு வட்டத்திலும் ஆர்ம் வேறொரு வட்டத்திலும் ஏறி இறங்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலே வீல் தானாகத் திரும்பும். பம்ப் ஸ்டியர் என்பது இதுதான். 40 மி.மீ. என்பது இந்த விஷயத்தில் மிகப் பெரிய அளவு.

சரி, ஏன் இடிக்கிறது? காருக்கு முன்னால் நின்று பார்த்தால் உங்கள் இன்ஜினின் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கடிகாரச் சுற்றில் சுற்றுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் பிளாக் அதற்கு எதிர்ப்பக்கம் திமிறும், காரின் இடது பக்கம் தூக்கும், வலது பக்கம் அமுங்கும். நம் ஊரில் ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான், ஆகவே இன்ஜின் சாய்வதே உங்கள் ராடை நோக்கித்தான். இன்னொன்று, நியூட்ரலில் ரேஸ் செய்து பார்த்தது போதாது. முதல் கியரில் டார்க் பல மடங்கு பெருகிப் போவதால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து முறுக்கிக்கொள்வது இன்னும் அதிகம். ரிவர்ஸில் அதே முறுக்கு மறுபக்கம் போகும். பிராக்கெட்டின் மேல் கொஞ்சம் களிமண்ணை அப்பி, வீலுக்கெல்லாம் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, கிளட்சைக் கொஞ்சமாக விட்டு இன்ஜினைத் திணற வையுங்கள். களிமண்ணில் ராடு பதிந்த ஆழத்தைப் பார்த்தால் எவ்வளவு அசைகிறது என்று தெரிந்துவிடும். நிற்கும் நிலையில் மவுண்டிங்கிலிருந்து 15 மி.மீ., எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து 25 மி.மீ. இடைவெளி என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. அதற்குக் கீழே போனால் எனக்குத் தூக்கம் வராது.

இனி வழி. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து இடது பக்கமாக 25-30 மி.மீ. தள்ளுங்கள். தள்ளும்போது மூக்கை மட்டும் திருப்பிவிடாதீர்கள், இரண்டு முனையும் ஒரே அளவு நகர வேண்டும், கியர்பாக்ஸ் ஷாஃப்டும் பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் இரண்டையும் இணைக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிராமல் ஓடும். டிரைவர் வலது பக்கம் உட்காருவதால் எடையும் கொஞ்சம் சமமாகும், பெடலுக்கும் இடம் கிடைக்கும். மச்சானின் கால் வைக்கும் இடம்தான் குறையும், அதை அவரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிராக்கெட். ஜிப்ஸியின் ஒரிஜினல் பிராக்கெட் ஜிப்ஸியின் சேஸிஸுக்காகச் செய்தது, அதை அப்படியே உங்கள் டியூப்பில் ஒட்டவைக்கப் பார்ப்பதில்தான் பாதிச் சிக்கல். 5 மி.மீ. பிளேட்டில் புதிதாகச் செய்து கீழ்க்குழாய்க்கு இறக்குங்கள், ராடு அதன் மேலே தாராளமாகப் போகட்டும். பிராக்கெட் உட்காரும் இடம் குழாயின் நடுவில் இருக்கக் கூடாது, குறுக்குக் குழாய்கள் வந்து சேரும் முனையில் இருக்க வேண்டும். இருக்கிற பிராக்கெட்டிலேயே கிரைண்டரை வைத்து ஓர் அரைவட்டம் வெட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வெட்டினால் அந்த இடத்துக்குப் பக்கத் தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும், அதற்குப் புதிதாகவே செய்துவிடலாம்.

இதற்குப் பிறகும் இடம் பற்றவில்லையென்றால் மட்டும் ராடின் பாதையை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் எலெக்ட்ரிகல் வேலைக்குப் போடும் 20 மி.மீ. பிவிசி பைப்பை ராடு போலக் கட்டிவைத்துப் பாருங்கள், மலிவான பைப்பில் தப்பு செய்தால் நஷ்டமில்லை. இரண்டு கிராஸ் ஜாயின்ட் (ராடு கோணம் திரும்பியும் சுற்ற உதவும் மூட்டு) வரை நடுவில் தாங்கி தேவையில்லை; மூன்றாவது ஜாயின்ட் போட்டால் நடு ராடைச் சேஸிஸோடு பிடிக்கும் ஒரு ராடு எண்டு (உருண்டை பேரிங் உள்ள பிடி) கட்டாயம், இல்லாவிட்டால் ராடு கயிறு மாதிரி ஆடும். ஜாயின்ட்டைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்குவதென்றால் கையில் பிடித்து எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது. ராடை வெட்டி வெல்டிங் வைத்து நீட்டும் வேலை மட்டும் வேண்டாம். ஸ்ப்லைன் (முனையில் வெட்டிய பற்கள்) உள்ள ராடு, ஜாயின்ட்டை அதன்மேல் இறுக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட், அவ்வளவுதான்.

கேள்வி: ரப்பர் மவுண்டிங்கே இல்லாமல் இன்ஜினை நேராக சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் அசையாது, இடிக்காது. எதற்கு இவ்வளவு கஷ்டம்?
- போரூர் வாசகர்

பதில்: அசையாதுதான். ஆனால் நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்கின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை மேலும் கீழுமாக அதிரும் ஓர் அதிர்வு இயல்பாகவே உண்டு. ரப்பர் இல்லாவிட்டால் அதெல்லாம் மெல்லிய டியூப்பின் வெல்டிங்குக்குப் போய் அங்கே விரிசல் விடும். பாலியூரித்தேன் புஷ் போடுங்கள், ரப்பரைவிட விறைப்பு, இரும்பைவிட இதம். எது போட்டாலும், ரப்பர் பிய்ந்தால்கூட இன்ஜின் எழும்பாதபடி போல்ட் குறுக்கே ஊடுருவும் வகையாக இருக்கட்டும். 1971-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இந்த ஒரு காரணத்துக்குத்தான். இடது மவுண்டிங் பிய்ந்து இன்ஜின் தூக்கியதும் ஆக்சிலேட்டர் இணைப்பையும் சேர்த்து இழுத்துவிட்டது. அவர்கள் செய்த தீர்வு, இன்ஜின் எழும்பாமல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிக் கயிறு!

கேள்வி: எங்கள் கல்லூரி ரேஸ் காரில் ஸ்டியரிங் ஒரு இடத்தில் கனமாகவும் ஒரு இடத்தில் லேசாகவும் இருக்கிறது. ராக்கைக் கழற்றிப் பார்த்தோம், குறை ஒன்றும் இல்லை.
- கிண்டி மாணவி

பதில்: ஒரே ஒரு கிராஸ் ஜாயின்ட் போட்டிருப்பீர்கள், அல்லது இரண்டு போட்டு நடு ராடின் இரு முனையிலும் ஜாயின்ட்டைப் பிடிக்கும் முள்கரண்டிகளை (முள்கரண்டி வடிவப் பிடிகளை) ஒரே தளத்தில் வைக்காமல் விட்டிருப்பீர்கள். 30 டிகிரி கோணத்தில் ஒற்றை ஜாயின்ட் என்றால் ஒரு சுற்றுக்குள் வேகம் 15 சதவீதம்வரை கூடிக் குறையும், அதுதான் கையில் கனமாகத் தெரிகிறது. இரண்டு ஜாயின்ட், இரண்டிலும் ஒரே கோணம், முள்கரண்டிகள் ஒரே தளம்: சரியாகிவிடும்.

கேள்வி: இப்படி வீட்டில் கட்டிய காரை ஈ.சி.ஆரில் ஓட்டலாமா?
- திருவான்மியூர் வாசகர்

பதில்: முடியாது. டைப் அப்ரூவல் (அந்த மாடலைச் சோதித்துத் தரும் அங்கீகாரச் சான்று) இல்லாத வண்டிக்கு ஆர்.டி.ஓ. பதிவு கிடைக்காது. பழைய ஜிப்ஸியின் ஆர்.சி.யை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும், ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோங்கள், அனுமதி வாங்கி அங்கே ஓட்டுங்கள். கடல் காற்று அடிக்கும் ஏரியாவில் இருப்பதால் ராடு எண்டுக்கெல்லாம் ரப்பர் உறை மாட்டிக் கிரீஸ் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.