குற்றாலம் வர்றவங்க கேளுங்க, சொல்றேன்

தென்காசிதான் நமக்கு. அருவி, கோயில், சாப்பாடு, மழை இதெல்லாம் கேளுங்க. ரூம் வாடகையும் கார் வாடகையும் நமக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம்.

ஜூன் முதல் வாரமே வரலாமா, ஜூலைக்குத் தள்ளிப்போடவா?

ஜூலை. கேரளாவில் மழை தொடங்கினதும் இங்கே அருவி கொட்டிடாது. மலை நனைஞ்சு ஊறணும், அருவிக்குத் தண்ணி கொண்டுவர்ற சிற்றாறு பெருகணும். ஆனி பாதிக்கு மேல ஆடி முடிய நம்பி வரலாம். செவ்வாய், புதன் பார்த்து வாங்க. சனி, ஞாயிறு வந்தா அருவியைவிட வரிசையைத்தான் அதிகம் பார்ப்பீங்க.

அண்ணாச்சி, இப்ப தண்ணி விழுதா?

விழுது.

பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். ஒரு நாள்தான் இருக்கு, எது?

பேரருவி. அவ்வளவு உயரத்திலிருந்து விழுற தண்ணி நேரா நம்ம தலையில் இறங்கினா கழுத்து நிக்காது. மேலே பாறையில் பொங்குமாங்கடல்னு ஒரு ஆழமான குழி இருக்கு. தண்ணி முதல்ல அதுல விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிஞ்சுதான் கீழே வருது. அதனாலதான் நிக்க முடியுது. தலையைக் குனிஞ்சு முதுகைக் கொடுங்க. முதல் அரை நிமிஷம் மூச்சு முட்டும், அப்புறம் வெளியே வர மனசு வராது.

ஆனா தண்ணி, அருவிக்கு முன்னால இருக்கிற பாதுகாப்பு வளைவை, அதான் ஆர்ச்சை, தாண்டி விழுதுன்னா போலீஸ் தடுப்பாங்க. அவங்ககிட்ட வாதாடாதீங்க. குளிச்சிட்டிருக்கும்போது தண்ணி கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, உடனே வெளியே வந்துடுங்க. மேலே மழை பெய்யறது கீழே நிக்கிறவனுக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பையன் போயிட்டான். சீசன்கூடத் தொடங்கலை அப்போ.

தண்ணி எப்படி இருக்கு இப்போ?

மேலே பாருங்க.

சோப்பு, ஷாம்பு?

கூடாது. 2014-லேயே உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டாச்சு. எண்ணெயும் அதுல சேர்த்தி.

கார்த்திகையில் மாலை போட்டுக்கிட்டு வந்தோம். ஆடியில் வந்ததைவிட டபுள் மடங்கு தண்ணி. சும்மா ஜூலை ஜூலைன்னு சொல்றீங்களே?

தண்ணி இருக்கும், யாரு இல்லைன்னா? அது வடகிழக்குப் பருவமழைத் தண்ணி. சாரல் இருந்துச்சா?

சாரல் என்ன சாரல்? அருவியில் குளிக்கத்தானே வர்றோம்! (அவரேதான்)

இங்கதான் நமக்கும் உங்களுக்கும் ஒத்துவராது. அருவி வேற ஊர்லயும் இருக்கு. தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி மலைமறைவில் காஞ்சு கிடக்கும்போது, ஆரியங்காவு கணவாய் வழியா காத்து மேகத்தைத் தள்ளிக்கிட்டு இந்தப் பக்கம் வருது. வெயில் அடிச்சுக்கிட்டே பொடித் தூறல் விழும். சட்டை நனைஞ்சதும் தெரியாது, காஞ்சதும் தெரியாது. தென்காசி கோயில் கோபுர வாசலில் நின்னு பாருங்க, காத்து ஆளைத் தள்ளும். கார்த்திகையில் இது எதுவும் கிடையாது.

செங்கோட்டைக்காரன் நான். அண்ணாச்சி சொல்றது பாதி சரி. சில வருஷம் ஆடியில் காத்து மட்டும் அடிக்கும், அருவி நூல் மாதிரி ஒழுகும். அப்ப வந்தவன் நம்மளைத்தான் திட்டுவான்.

நியாயம்தான் தம்பி. ஆனா அந்தக் காத்துக்கே வரலாம்னு சொல்றேன்.

காத்து வாங்க மெரினா போதாதா? (மறுபடியும் கார்த்திகைக்காரர்)

ஐயா, நீங்க கார்த்திகையிலயே வாங்க. அப்பவும் கலங்கின தண்ணியைக் கண்டா வெளியே வந்துடுங்க. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் சொல்லிட்டு வராது.

குளிக்கிறதைத் தவிர பார்க்க என்ன இருக்கு?

இப்பதான் ஒரு நல்ல கேள்வி. பேரருவியை ஒட்டியே குற்றாலநாதர் கோயில், சங்கு வடிவத்தில் கட்டினது. ஈரத்துணியோட உள்ளே ஓடாதீங்க. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தா சித்திரசபை. நடராஜரின் ஐந்து சபைகளில் இதுவும் ஒண்ணு. சிதம்பரத்தையும் மதுரையையும் எல்லாரும் பார்த்திருப்பீங்க. இங்கே நடராஜர் சிலையா இல்லை, ஓவியமா இருக்கார். உள்ளே சுவரெல்லாம் சித்திரம், முன்னால தெப்பக்குளம். குளிச்சு முடிச்சு பஸ் ஏறுற கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது இருக்கிறதே தெரியாது. மத்தியானம் நடை சாத்திடுவாங்க, காலையிலேயே போங்க. நிதானமா பாருங்க, சுவரைத் தொடாதீங்க.

சாயங்காலம் இருந்தா இலஞ்சி குமாரர் கோயில். வயல் ஓரமா போற பாதையே போதும்.

தேனருவிக்கு டிரெக்கிங் போகணும், யாரைப் பிடிக்கணும்?

யாரையும் பிடிக்காதீங்க. அது காடு, வனத்துறை அனுமதி இல்லாம போகக்கூடாது. "நான் கூட்டிட்டுப் போறேன்"னு பக்கத்தில் வர்ற ஆளை நம்பாதீங்க. செண்பகாதேவி அருவிக்கும் இதே பதில்தான்.

பார்டர் பரோட்டா அசலா எங்கே கிடைக்கும்?

கடை பேர் சொன்னா நாளைக்கு நான் ஊருக்குள்ள நடக்க முடியாது. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் போங்க. 1956 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது, எல்லை இங்கேதான். எல்லை மேற்கே மலைக்குப் போயிடுச்சு, பரோட்டா இங்கேயே தங்கிடுச்சு. சின்னதா, மெத்துனு இருக்கும். பிச்சுப் போட்டு சால்னாவை ஊத்தி அஞ்சு நிமிஷம் ஊறவிடுங்க. நாட்டுக்கோழி பெப்பர் தனியா.

வீக்எண்ட் வர்றோம், தண்ணி விழுமா?

தம்பி, நான் வருண பகவான் இல்லை.

மூலிகைத் தண்ணியில் குளிச்சா சர்க்கரை குறையும்னு சொல்றாங்களே?

மாத்திரையைப் போட்டுட்டுக் குளிங்க.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சின்னப் பிள்ளையும் கூட வருது.

பேரருவிக் கூட்டத்தில் தள்ளுமுள்ளு வேண்டாம். புலியருவி சின்னது, பிள்ளைகளுக்குத் தோதானது. அம்மாவை ஓரமா உட்கார வச்சு வாளியில் பிடிச்சு ஊத்துங்க. பாசிப் பாறையில் செருப்பில்லாம மெதுவா கால் வைக்கச் சொல்லுங்க. பிள்ளை கையில் பழமோ பொட்டலமோ இருந்தா குரங்கு பிடுங்கிடும்.

வாங்கிட்டுப் போக என்ன விசேஷம்?

மங்குஸ்தான். லேசா அழுத்தினா தோல் அமுங்கணும், கல்லு மாதிரி இருந்தா வேண்டாம். அடிப்பக்கம் பூ மாதிரி இதழ் இருக்கும், எண்ணிப் பாருங்க. எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடக்கூட சுளை சின்னது, கொட்டையும் குறைவு. அப்படிப் பார்த்து எடுங்க. வெள்ளைத் துணியில் தோல் சாறு பட்டா போகாது.