சக்கரம் சுழல்கிறது, தீ வரவில்லை: பழைய லைட்டர்கள் பற்றிக் கேள்வி பதில்

கல், திரி, எண்ணெய் மூன்றையும் நாமே மாற்றிப் பயன்படுத்தும் பழைய பாக்கெட் லைட்டர்களை இருபது வருடமாகச் சேர்க்கிறேன், பழுதும் பார்க்கிறேன். கம்பெனி பெயரில் சொன்னால் பெரும்பாலும் ஜிப்போ, கொஞ்சம் இம்கோ, கைக்கு எட்டிய விலையில் கிடைத்த இரண்டு ரான்சன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு ஜிப்போ கிடைத்தது. அடியில் பெயருக்கு இடப்பக்கம் மூன்று கோடு, வலப்பக்கம் மூன்று கோடு. எந்த வருடத்தது? (தஞ்சாவூர்)

கோடு நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா? அதைச் சொல்லவில்லையே தம்பி. நேராக நின்றால் 1968. மேல்நுனி வலப்பக்கம் சாய்ந்திருந்தால் 1976. இடப்பக்கம் சாய்ந்திருந்தால் 1984.

கணக்கு சுலபம்தான். 1966இல் இரண்டு பக்கமும் நான்கு நான்காக நேர்கோடு போட்டார்கள். வருடத்துக்கு ஒரு கோடு குறைத்துக்கொண்டே வந்து 1973இல் ஒற்றைக் கோட்டில் நிறுத்தினார்கள். 1974இல் மறுபடி எட்டுக் கோடு, இந்தமுறை வலச்சாய்வு. 1982இல் இடச்சாய்வு. 1986 நடுவில் கோட்டை விட்டுவிட்டு, இடப்பக்கம் மாதத்துக்கு ஆங்கில எழுத்து (ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர்), வலப்பக்கம் வருடத்துக்கு ரோமன் எண் என்று மாற்றினார்கள். 1986க்கு ரோமன் இரண்டு. அப்படியே எண்ணிக்கொண்டு போனால் ரோமன் பத்து 1994. 2001 முதல் நாம் எழுதும் சாதாரண எண்தான். கோட்டுக்குப் பதில் புள்ளி இருந்தால் 1966க்கு முந்தையது. அப்படி ஒன்று கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், பொறாமைப்பட்டுக்கொள்கிறேன்.

வெளிக்கூட்டுக்கு உள்ளே இருக்கும் இன்சர்ட்டின் (சக்கரம், திரி, பஞ்சு எல்லாம் உள்ள, உருவி எடுக்கும் பகுதி) அடியிலும் தனியாக முத்திரை இருக்கலாம். கூட்டுக்கும் அதற்கும் ஒரு வருடம் முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம். பத்து வருடம் இடைவெளி என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

சார், பித்தளை லைட்டர் கறுத்துவிட்டது. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் துலக்கலாமா? (காரைக்குடி)

வேண்டாம் அம்மா. புளி பித்தளையைப் பளபளக்க வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் குத்துவிளக்கில் கீல் கிடையாது. லைட்டரின் கீலுக்குள் புளித்தண்ணீர் புகுந்தால் முழுதாகக் கழுவி எடுக்க முடியாது, ஆறு மாதத்தில் அங்கே பச்சை பூத்து நிற்கும். ஊறவிட்டால் பித்தளையின் மேல்பரப்பில் துத்தநாகம் போய்ச் செம்பு நிறமும் தட்டும். எலுமிச்சைக்கும் இதே பதில்.

அதைவிட முக்கியமான ஒன்று. நான் சேர்க்க ஆரம்பித்த புதிதில், நேர்கோடு போட்ட ஒரு ஜிப்போ வாங்கினேன். மூடியில் யாரோ கத்தி முனையால் கீறிய இரண்டு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பாலிஷும் பனியன் துணியுமாக உட்கார்ந்தேன். சாயங்காலம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அந்த இரண்டு எழுத்தும் போய்விட்டது, அடியில் இருந்த கோட்டில் பாதியும் போய்விட்டது. எந்த வருடம் என்று இன்றைக்கு நான் சொன்னால் நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். அது இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. யாருக்கு விற்பது?

அதனால் என் வழக்கம் இது: மெத்தென்ற துணியில் ஒரு சொட்டு லைட்டர் எண்ணெய், பிசுக்கு போகும்வரை துடைப்பது, அவ்வளவுதான். குரோமியம் பூசிய கூட்டில் பித்தளை பாலிஷ் போட்டால் பூச்சு தேய்ந்து அடியிலிருந்து மஞ்சள் எட்டிப்பார்க்கும். போர்க்காலத்தில் பித்தளை கிடைக்காமல் எஃகில் செய்து, சொரசொரப்பான கறுப்புப் பெயின்ட் அடித்த ஜிப்போ யார் கையிலாவது இருந்தால், தயவுசெய்து துணிகூடப் போடாதீர்கள்.

பங்க் பெட்ரோல் ஊற்றலாமா? மண்ணெண்ணெய்? (திருப்பூர்)

மண்ணெண்ணெய் பற்றாது. சாதாரண வெப்பத்தில் அதிலிருந்து போதுமான ஆவி எழாது, வெறும் பொறி பட்டுத் திரி எரியாது. பெட்ரோல் பற்றும், அந்தக் காலத்தில் ஊற்றியும் இருக்கிறார்கள். அதனால்தான் நம் ஊரில் இதற்குப் பெட்ரோல் லைட்டர் என்றே பெயர். ஆனால் நாற்றம், கரி, அதற்கு மேல் புற்றுநோய் தரும் பென்சீன். அதைச் சட்டைப்பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிவானேன்? இப்போது பங்க் பெட்ரோலில் எத்தனாலும் கலந்து வருகிறது, அது ஈரத்தை இழுக்கும். லைட்டருக்கென்று டின்னில் விற்கும் எண்ணெய் நன்றாகச் சுத்திகரித்த நாப்தா. ஒரு டின் பல மாதம் வரும்.

வாரம் ஒருமுறை எண்ணெய் தீர்ந்துவிடுகிறது. எங்கேயாவது ஓட்டையா? (வேலூர்)

ஓட்டை இல்லை, வேலூர் வெயில். மூடி காற்றுப் புகாதபடி அடைக்கும் மூடியே அல்ல, எண்ணெய் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். மே மாதம் எனக்கு நான்கைந்து நாள்தான் தாங்குகிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி, மூடியும் கூடும் சேரும் இடத்தில் மாட்டிப் பாருங்கள், இரண்டு மூன்று நாள் கூடும். அழகு கெடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

எண்ணெய் ஊற்றி பேன்ட் பாக்கெட்டில் வைத்தேன், தொடை எரிந்து சிவந்துவிட்டது. (பெயர் வேண்டாம்)

எல்லோரும் ஒருமுறை படித்த பாடம்தான். நான் ஒரு கல்யாண வீட்டில் படித்தேன், பந்தியில் உட்கார முடியவில்லை. இன்சர்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள ஃபெல்ட்டைத் தூக்கி, பஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பஞ்சு நனைந்து எண்ணெய் மேலே மினுங்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். துடைத்துவிட்டுச் சிறிது நேரம் நிமிர்த்தி வைத்து, கையையும் கழுவிய பிறகு பற்றவையுங்கள். தோலை சோப்பு போட்டு நன்றாகக் கழுவினால் சரியாகிவிடும். கொப்புளம் வந்தால் டாக்டரிடம் போங்கள்.

தாத்தாவின் லைட்டர் முப்பது வருடம் சும்மா கிடந்தது. சக்கரம் அசையவே இல்லை. கல் மாற்றலாம் என்றால் ஸ்க்ரூவைக் கழற்றியும் பழைய கல் வெளியே வரவில்லை. (ஈரோடு)

எனக்கு வரும் பழுதில் பாதி இதுதான். லைட்டர் கல் உண்மையில் கல்லே அல்ல, உலோகக் கலவை. காற்றில் உள்ள ஈரம் பட்டுப் பட்டு உப்பி, பொடிந்து, குழாயின் உள்சுவரில் சிமென்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். முதலில் சக்கரத்தை இழுத்துத் திருகுவதை நிறுத்துங்கள், பல் உடைந்தால் அப்புறம் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்க்ரூவையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, திரியையும் பஞ்சையும்கூட வெளியே எடுங்கள். பஞ்சு வந்த வரிசை மாறாமல் ஒரு தட்டில் வையுங்கள். அடிப்பக்கத்திலிருந்து குழாய்க்குள் துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள், கல்லின் தடிமனைவிடச் சற்று மெலிந்த டிரில் பிட் ஒன்றை விரலால் பிடித்து மெதுவாகத் திருகுங்கள். விரலால் என்றேன், மெஷினில் மாட்டி அல்ல. சாம்பல் நிறப் பொடி உதிரும். தட்டிக் கொட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். அரை மணி நேரம் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குழாயின் மறுமுனையில் சக்கரத்தின் பல் தெரிய வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்துவிட்டுப் புதுக்கல் போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு பற்றவைக்காதீர்கள்.

கல் அல்ல, கலவை என்கிறீர்கள். என்ன கலவை? (நாகர்கோவில்)

நீங்கள் நாகர்கோவில் என்பதால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

அதன் பெயர் ஃபெரோசீரியம். சீரியம் முதலான அருமண் உலோகங்களோடு இரும்பு சேர்த்தது. சக்கரத்தின் பல் சுரண்டும்போது உதிரும் துகள், அந்த உரசல் சூட்டிலேயே காற்றில் தீப்பற்றிவிடும். நாம் பார்க்கும் பொறி அதுதான். 1903இல் இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக். கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிப்போன பெட்ரோமாக்ஸ் விளக்கு ஞாபகம் இருக்கிறதா? அதில் கட்டுவோமே மேண்டில், அதையும் கண்டுபிடித்தவர் இவரே.

இரண்டுக்கும் உறவு இருக்கிறது. மேண்டிலுக்கு வேண்டியது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரே ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியம் மோனசைட் மணலிலிருந்து வருகிறது. ஆனால் அந்த மணலில் தோரியத்தைவிடச் சீரியமும் அதன் கூட்டாளிகளும்தான் பல மடங்கு அதிகம். மேண்டில் செய்யச் செய்ய இந்த மிச்சம் மலையாகக் குவிந்தது. அதற்கு ஒரு வேலை தேடியபோது பிறந்ததுதான் லைட்டர் கல்.

சரி, நாகர்கோவில் எங்கே வந்தது? 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுகொண்டார். அதைத் தொடர்ந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. அங்கே இன்றைக்கும் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஆலை இருக்கிறது. வியன்னாக்காரர் கையில் எழுந்த பொறிக்கு உங்கள் ஊர்க் கடற்கரையோடு இப்படி ஒரு சம்பந்தம்.

வியட்நாம் போரில் அமெரிக்க வீரர் வைத்திருந்த ஜிப்போ என்று இணையத்தில் விற்கிறார்கள். அங்குள்ள ஊர்ப் பெயரோடு 'டானாங் 67–68' என்று பொறித்திருக்கிறது. வாங்கலாமா, அண்ணே? (சென்னை)

அடியைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாய்வுக்கோடு இருந்தால் பேச்சே வேண்டாம். 1974க்குப் பிறகு செய்த லைட்டரில் 67இல் எப்படிப் பொறித்திருப்பார்கள்? நேர்கோடு இருந்து, வருடமும் 68 அல்லது அதற்கு முன் என்றால், முதல் கதவு தாண்டியது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூடு அசலாக இருந்து, பொறிப்பு மட்டும் போன வருடம் நடந்ததாகவும் இருக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்காகவே சைகோனில் இதை வண்டி வண்டியாகச் செய்தார்கள். அடிமுத்திரையையும் போலியாகவே அடித்துவிடுகிறார்கள். பொறித்த பள்ளத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சுற்றிலும் தேய்ந்திருக்க, பள்ளத்தின் விளிம்பு மட்டும் புதுசாகக் கூர்மையாக நின்றால் எனக்குச் சந்தேகம் வரும். வசனம் எவ்வளவுக்கு எவ்வளவு வீரமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு நான் பின்வாங்குவேன்.

ஐயா, எங்கள் ஊர்த் தீப்பெட்டித் தொழிலைக் கெடுத்ததே லைட்டர்தான். அதைப் போய்ப் பெருமையாகச் சேர்க்கிறீர்களே? (கோவில்பட்டி)

கோபம் நியாயம்தான், ஆனால் ஆளை மாற்றிப் பிடிக்கிறீர்கள். தீப்பெட்டியோடு போட்டி போட்டது பத்து, பதினைந்து ரூபாய்க்கு வந்து, தீர்ந்ததும் சாக்கடையில் விழும் பிளாஸ்டிக் லைட்டர். உங்கள் பக்கத்து உற்பத்தியாளர்கள் தொடர்ந்து கேட்டதற்குப் பிறகு, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அடுப்பு பற்றவைக்க எங்கள் வீட்டில் இன்றும் தீப்பெட்டிதான்.

கேஸ் லைட்டருக்குச் சமையல் சிலிண்டரிலிருந்து நிரப்பித் தருவதாக ஒருவர் சொல்கிறார். (சேலம்)

அவர் பக்கமே போகாதீர்கள். லைட்டருக்கு வேண்டியது பியூட்டேன். சமையல் கேஸில் புரொப்பேனும் உண்டு, அதன் அழுத்தம் பியூட்டேனைப்போல மூன்று மடங்குக்கு மேல். சின்ன டேங்க் அதைத் தாங்கும் என்று யார் சொன்னது? பியூட்டேன் டப்பா வாங்கி, முதலில் வால்வை அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புங்கள். பக்கத்தில் தீ இருக்கக் கூடாது.

கீல் ஆடுகிறது. ஜிப்போவுக்கு ஆயுள் முழுக்க இலவசப் பழுது என்கிறார்களே, உண்மையா? (புதுச்சேரி)

உண்மை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு ஊரில் ஜார்ஜ் பிளேஸ்டெல் 1932இல் தொடங்கிய கம்பெனி அது. நண்பர் ஒருவர் பார்க்க லட்சணமில்லாத ஆஸ்திரிய லைட்டர் ஒன்றைக் காற்றிலும் அணையாமல் பற்றவைத்ததைப் பார்த்து, அதன் சிம்னியை (திரியைச் சுற்றி நிற்கும் துளை போட்ட தகடு) மட்டும் வைத்துக்கொண்டு, கூட்டை மாற்றி, மூடிக்குக் கீல் போட்டார். முதல் லைட்டரின் விலை 1.95 டாலர். வேலை செய்யும், இல்லையென்றால் இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்ற வாக்கை இன்றுவரை காப்பாற்றுகிறார்கள். எந்திரப் பகுதிக்குத்தான் அந்த வாக்கு, மேல்பூச்சுக்கு இல்லை.

ஆனால் சேகரிப்பவராக ஒன்று சொல்வேன். பழுதுக்குப் போன பழைய இன்சர்ட்டுக்குப் பதிலாகப் புதுசே திரும்பி வரலாம். தினமும் பயன்படுத்தும் லைட்டரா, அனுப்புங்கள். அறுபதுகளின் லைட்டரா, கீல் ஆடினால் ஆடட்டும்.

முதல் லைட்டர் வாங்கப் போகிறேன். ஜிப்போவா, இம்கோவா? (கொழும்பு)

வேலை கற்றுக்கொள்ள இம்கோ. மூடியைத் தூக்கினால் சக்கரமும் சேர்ந்தே சுழலும், எரியும் டேங்கைத் தனியாக உருவி மெழுகுவத்தி மாதிரி பிடிக்கலாம். ஆஸ்திரியாவில் தயாரிப்பு 2012இல் நின்றுபோனது, அப்புறம் ஜப்பானியர்கள் தொடர்ந்தார்கள். மெல்லிய தகடுதான், ஆனால் எல்லாம் கையாலேயே கழன்று வரும். மூடி திறக்கும் அந்த 'க்ளிக்' சத்தம்தான் வேண்டும் என்றால் ஜிப்போ. நானும் அதற்காகத்தான் வாங்க ஆரம்பித்தேன்.

விமானத்தில்? (துபாய்)

நம் ஊர் விமான நிலையங்களில் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. அங்கே பிடுங்கிப் போட்ட பெட்டிக்குள் கிடக்கும் லைட்டர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பயன்படுத்தப் போவதில்லை, ஞாபகார்த்தமாக வைக்கப் போகிறேன். எப்படி வைப்பது? (மதுரை)

கல்லை எடுத்துவிடுங்கள், ஸ்க்ரூவை மட்டும் திரும்பப் போடுங்கள். எண்ணெய் முழுக்க ஆவியாகட்டும். பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். கூடவே ஒரு சீட்டு: யாருடையது, எங்கே வாங்கியது, யார் கையிலிருந்து உங்கள் கைக்கு வந்தது. தஞ்சாவூர்த் தம்பி, நீங்களும்தான். கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து அந்தச் சீட்டிலேயே குறித்துவிடுங்கள்.