சாக்லேட் சிஸ்ட் ஆபரேஷன் செய்தால் கருமுட்டை குறைந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. மாதவிலக்கு வந்தால் எழுந்திருக்கவே முடியாத வலி. ஸ்கேன் எடுத்ததில் வலது சினைப்பையில் 6 செ.மீ. சாக்லேட் சிஸ்ட், அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி, என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் லேப்ராஸ்கோப்பியில் கட்டியை உரித்து எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், உரித்தால் முட்டையும் சேர்ந்து போய்விடும், உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டுச் சுவரைக் கருக்கினால் போதும் என்கிறார். என் நாத்தனாருக்கு இரண்டு பக்கமும் ஆபரேஷன் ஆன பிறகு, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். அளவு ரொம்ப இறங்கிவிட்டது. பயமாக இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது தோழி. சினைப்பையில் கைவைக்கும் எந்த ஆபரேஷனும் கொஞ்சம் முட்டைகளைக் கொண்டுபோகத்தான் செய்யும், அது எவ்வளவு என்பதுதான் கேள்வி. பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறோம், வயதுக்கு வரும்போது அது மூன்று நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும், அதற்குப் பிறகு புதிதாகச் சேர்வதில்லை. இந்த முட்டைகள் இருப்பது சினைப்பையின் மேல்தோலை ஒட்டிய மெல்லிய அடுக்கில். சாக்லேட் சிஸ்ட் வந்து உட்காருவதும் அந்த இடத்தில்தான்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. சினைப்பையில் வரும் இன்னொரு வகையான டெர்மாய்டு கட்டி பழுத்த புளியம்பழமும் ஓடும் மாதிரி, உரித்தால் தனியாகக் கழன்று வந்துவிடும். சாக்லேட் சிஸ்டின் சுவர் அப்படியில்லை, புளியங்காயின் தோல் மாதிரி சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் நல்ல சினைப்பைத் திசுவும் கூடவே வரும். 2012-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சாக்லேட் சிஸ்டை உரித்தெடுத்த பிறகு ஏ.எம்.ஹெச். சராசரியாக 38 சதவீதம் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் செய்தவர்களுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம், உங்கள் நாத்தனாருக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். உங்களுக்கு ஒரு பக்கம்தான், இடது சினைப்பை நன்றாக இருக்கிறது என்றால் அது பெரிய பலம்.

அப்படியானால் உறிஞ்சிக் கருக்குவது நல்லதா? கேட்க எளிதாக இருக்கும், ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். வெறுமனே உறிஞ்சிவிட்டால் பெரும்பாலும் சில மாதத்தில் கட்டி திரும்பி வந்துவிடும். கருக்கினாலும், உரித்தெடுத்ததோடு ஒப்பிட்டால், கட்டியும் வலியும் திரும்புவது அதிகம், தானாகக் கரு தரிப்பதும் உரித்தெடுத்தவர்களுக்குத்தான் கூடுதலாக இருந்தது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் உரித்தெடுப்பதைத்தான் முன்னால் வைக்கிறது. கட்டி திரும்பி வந்து அதே சினைப்பையில் இரண்டாம் தடவை ஆபரேஷன் செய்வதுதான் முட்டைகளுக்கு மிகப் பெரிய ஆபத்து, அதனால் முதல் தடவையே சரியாகச் செய்துவிட வேண்டும்.

உரிப்பதைவிட அதற்குப் பிறகு ரத்தத்தை எப்படி நிறுத்துகிறார்கள் என்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கட்டி இருந்த இடத்தில் ரத்தம் கசியும், அதை மின்சூட்டால் திரும்பத் திரும்பச் சுட்டால் சூடு உள்ளே இறங்கி மிச்சமிருக்கும் முட்டைகளையும் கருக்கிவிடும், சினைப்பைக்கு ரத்தம் வரும் வழியும் கெடும். தையல் போட்டோ, ரத்தம் உறைய வைக்கும் மருந்துப் பொருளை வைத்து அழுத்தியோ நிறுத்தினால் ஏ.எம்.ஹெச். இறங்குவது குறைவு. ஆகவே டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "ரத்தம் வந்தால் சுடுவீர்களா, தையல் போடுவீர்களா? இந்த வகைக் கட்டியை அடிக்கடி எடுப்பீர்களா?" இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆனால் தேதி குறிப்பதற்கு முன்னால் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், இரண்டு சினைப்பையிலும் முட்டை வளரும் சிறு பைகள் எத்தனை தெரிகின்றன என்று ஸ்கேனில் எண்ணச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்தாகிவிட்டதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கத்தி வைப்பதற்கு முன் அந்த ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பெரிய குறை இருந்து எப்படியும் ஐ.வி.எஃப். தான் என்றால், அல்லது உங்கள் ஏ.எம்.ஹெச். ஏற்கெனவே ரொம்பக் குறைவு என்றால், முதலில் முட்டைகளை எடுத்துச் சேமித்துக்கொண்டு ஆபரேஷனைப் பிறகு பார்க்கலாம். ஐ.வி.எஃப். பலிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் கட்டியை எடுக்கத் தேவையில்லை. இந்த ரிப்போர்ட்டுகள் சரியாக இருந்தால், இவ்வளவு வலியோடு 6 செ.மீ. கட்டியை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அனுபவமுள்ளவரிடம் உரித்தெடுப்பதுதான் என் யோசனை.

ஆபரேஷன் முடிந்து அடுத்த மாதமே ஏ.எம்.ஹெச். பார்த்துவிட்டு அழாதீர்கள், ஆரம்பத்தில் இறங்குவது சிலருக்குச் சில மாதங்களில் ஓரளவு ஏறும், ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். எண் குறைவாக வந்தாலும் இயற்கையாகக் கரு தரிக்காது என்று அர்த்தமில்லை. டாக்டர் சரி என்றதும் குழந்தைக்கு முயற்சியைத் தொடங்கிவிடுங்கள், தள்ளிப்போடுவதாக இருந்தால் கட்டி திரும்பாமல் இருக்க ஹார்மோன் மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். எடுத்த கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டையும், எப்படி எடுத்தார்கள் என்று எழுதிய ஆபரேஷன் குறிப்பையும் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள், பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.