பச்சோந்திக்கு ஒரு பசுமைக்குடில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். மகனிடம் இரண்டு பேந்தர் பச்சோந்திகளும் ஒரு ஏமன் பச்சோந்தியும் இருக்கின்றன. அவன் அறைக்குள் நுழைந்தாலே ஈரமும் பூஞ்சை வாடையும்தான். தோட்டத்தில் எட்டுக்குப் பத்தடியில் பசுமைக்குடில் போட்டு, ஹீட்டர், தண்ணீர் தெளிப்பு எல்லாம் தானாக ஓடும்படி செய்துவிட்டால் போதும் என்கிறான். குளிர்காலத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. சரிவருமா?

பதில்: சரிவரும். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது குளிருக்கு இல்லை, வெயிலுக்கு.

என் கதையைச் சொல்கிறேன். நான் முப்பது வருடம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவன். குடில் போட்ட முதல் வருடம் ஹீட்டரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். மார்ச் மாதம் ஒரு நாள், வெளியே 8 டிகிரி, நல்ல வெயில். கடைக்குப் போய்விட்டு ஒன்றரை மணி நேரத்தில் திரும்பினால் உள்ளே 41 டிகிரி. கூரை ஜன்னலைத் திறக்க மெழுகு உருளை மாட்டியிருந்தேன். சூடானால் உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து ஜன்னலைத் தள்ளும், கரண்டே வேண்டாம், அருமையான சாமான். ஆனால் பிப்ரவரிப் புயலுக்குப் பயந்து அந்த ஜன்னலைக் கயிறு போட்டுக் கட்டியவனும் நான்தான், அவிழ்க்க மறந்தவனும் நான்தான். ஆண் பேந்தர் கூண்டின் தரையில் வெளுத்துப்போய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நிழலுக்குக் கொண்டுபோய் மெல்ல மெல்லத் தண்ணீர் தெளித்தேன். பிழைத்துக்கொண்டது. அப்புறம் மூன்று நாள் என் முகத்தையே பார்க்கவில்லை.

அதனால் செலவில் முதல் பங்கு வெப்பத்தை வெளியேற்றப் போகட்டும். கூரையில் இரண்டு ஜன்னல், இரண்டுக்கும் மெழுகு உருளை. கீழே காற்று நுழைய ஒரு திறப்பு, எதிர்ச் சுவரின் உச்சியில் தெர்மோஸ்டாட்டோடு (சூட்டைப் பார்த்துத் தானாகப் போட்டு அணைக்கும் கருவி) ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 50 சதவீத நிழல்வலை, அதுவும் வெளிப்பக்கம். உள்பக்கம் கட்டினால் வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருக்கும். இவ்வளவும் செய்தாலும் கைவிட்டுப்போகும் நாள் உண்டு. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி பதிவானதே, அன்று காலை ஆறு மணிக்கே என் பச்சோந்திகளை எல்லாம் வடக்குப் பார்த்த குளியலறைக்குக் குடிபெயர்த்துவிட்டேன். வீட்டில் அன்று யாரும் குளிக்கவில்லை.

இனி குளிர். கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம். உங்கள் குடிலின் சுவரும் கூரையும் சேர்த்து சுமார் 30 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் என்றால், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 வாட் வெளியே போகும். வெளியே 0, பேந்தருக்காக உள்ளே 18 என்றால் 30×3×18, அதாவது 1,620 வாட். இடுக்குகளில் கசிவதையும் சேர்த்து 2 கிலோவாட் என்று வையுங்கள். ஜனவரி இரவில் 14 மணி நேரம் ஓடினால் 28 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்றாலும் ஒரு ராத்திரிக்கு 7 பவுண்டு. சாதாரணக் கண்ணாடிக் குடில் என்றால் இது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். மூன்று பச்சோந்திக்கு இந்தச் செலவு வேண்டுமா? வேண்டாம் என்பேன். மே முதல் செப்டம்பர் வரை குடில், மற்ற மாதங்களில் வீடு. கென்யா, தான்சானியா மலைக்காடுகளின் மூன்று கொம்புள்ள ஜாக்சன் பச்சோந்தி உங்களிடம் இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அதற்கு இரவில் 10, 12 டிகிரி குளிர் கேட்கும், இங்கிலாந்துக் குடிலுக்காகவே பிறந்தது மாதிரி.

மண்ணெண்ணெய் ஹீட்டர் மட்டும் வேண்டாம். மூடின குடிலில் அதன் புகைக்குப் பச்சோந்தியும் தாங்காது, செடியும் தாங்காது. எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர் போதும். தெர்மோஸ்டாட்டின் சென்சார் வெயில் படாத இடத்தில், பச்சோந்தி உட்காரும் கிளை உயரத்தில் இருக்கட்டும். ஒன்று பழுதாகி ஹீட்டர் அணையாமலே நின்றால் அறுத்துவிட, வரிசையில் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்று வேண்டும். இன்னொன்று, இது என் தொழில் சார்ந்தது: ஹீட்டரையும் தண்ணீர் தெளிக்கும் பம்பையும் ஒரே ஆர்சிடியில் (மின்கசிவு கண்டால் கரண்டை அறுக்கும் சுவிட்ச்) போடாதீர்கள். நள்ளிரவில் பம்புக்குள் ஈரம் புகுந்து ஆர்சிடி டிரிப் ஆனால், ஹீட்டரும் கூடவே செத்துப்போகும். தோட்டத்துக்குக் கேபிள் இழுக்கும் வேலையைத் தகுதியுள்ள ஆளிடம் கொடுங்கள், மகன் யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குடிலுக்குள் பளீரென்று வெளிச்சம் இருக்கும், ஆனால் எலும்புக்குத் தேவையான புறஊதா-பி கதிரைக் கண்ணாடியும் பாலிகார்பனேட்டும் உள்ளே விடாது. அது இல்லாமல் பச்சோந்தியின் உடம்பில் வைட்டமின் டி உண்டாகாது, கால்சியம் சேராது, கால் எலும்பு வில்லாக வளையும். எனவே அறையில் எரிகிற டி5 என்ற மெல்லிய குழல் வடிவப் புறஊதா விளக்குகள் குடிலுக்கும் வர வேண்டும், கிளையிலிருந்து ஓர் அடிக்குள், வருடத்துக்கொரு முறை மாற்றி. கதிரை விடுகிற கூரையும் இருக்கிறது. சூரிச் மிருகக்காட்சி சாலையில் 2003-இல் திறந்த மசோவாலா மண்டபத்தின் கூரை இடிஎஃப்இ என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம். 11,000 சதுர மீட்டர் மடகாஸ்கர் காடு, அதில் பேந்தர் பச்சோந்திகள் கூண்டில்லாமல் திரிகின்றன. ஒரு நாள் முழுக்கச் சுற்றி நான்கைத்தான் கண்டுபிடித்தேன்.

ஈரம்: பகலில் 50 சதவீதம், இரவில் குளிர்ந்தபின் 80, 90. பகல் வெக்கையில் காற்றோட்டமில்லாமல் ஈரத்தை ஏற்றினால் நுரையீரலில் சளி கட்டும். பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது, இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கும். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், ஒரே மாதத்தில் நாசில் அடைத்துவிடும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். கூண்டுக்குள் செம்பருத்தி, மணி பிளாண்ட் வைக்கலாம். ஏமன் இலையையும் கடிக்கும், அதனால் மருந்தடித்த நர்சரிச் செடியை உடனே வைக்காதீர்கள். குடில் பெரிதாக இருக்கிறதே என்று மூன்றையும் அவிழ்த்துவிட்டால் சண்டைதான். ஆளுக்கொரு வலைக்கூண்டு, நடுவில் செடி மறைப்பு, ஒன்றின் கண்ணில் மற்றது படக்கூடாது.

கேள்வி: எங்கள் விருதுநகர்த் தோட்டத்து வேலியில் ஒரு பச்சோந்தி வருகிறது. பிடித்து, நீங்கள் எழுதுவதுபோல் குடில் கட்டி வளர்க்கலாமா?

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வேலியை வெட்டாமல் விடுங்கள், அதுதான் அதற்குக் குடில்.

கேள்வி: பச்சை இலையில் வைத்தால் பச்சை, சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பு என்கிறார்களே?

பதில்: துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோலுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி மாறினால் நிறம் மாறும். ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015-இல் பேந்தர் பச்சோந்தியை வைத்தே இதைக் காட்டினார்கள். கோபம், காதல், பயம், வெப்பம் இவைதான் அதை மாற்றுகின்றன. காலையில் கறுத்து, உடம்பைத் தட்டையாக்கி விளக்குப் பக்கம் திரும்பி நின்றால் குளிர்கிறது என்று அர்த்தம். வெளுத்து வாய் திறந்தால் சுடுகிறது. ஹாரோ வாசகரின் மகன் எத்தனை அளவுக்கருவி வாங்கி மாட்டினாலும், காலையில் அலாரத்தைப் பார்க்கும் முன் இதைப் பார்க்கட்டும்.