வரலாற்று ஆய்வுப் போட்டியா? பிள்ளையை விடுங்கள், செய்யட்டும்

தரம் 10 படிக்கும் மகள் வரலாற்று ஆய்வுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள், அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் வேறு, உயர்தரத்தில் உயிரியல் எடுத்து டொக்டராக வேண்டிய பிள்ளை இதில் மினக்கெட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள், அம்மா. மினக்கெடட்டும். காலம் பார்த்தாலும் இதுதான் சரியான வருடம். தரம் 11க்குப் போய்விட்டால் கடந்தகால வினாத்தாள் செய்யவே நேரம் போதாது.

வகுப்பில் வரலாறு என்றால் ஆண்டு, அரசன், போர், விடை. பாடமாக்கினால் புள்ளி வரும். ஆய்வுப் போட்டியில் நடுவர் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: “இது உனக்கு எப்படித் தெரியும்?” பத்து வருடம் பாடசாலைக்குப் போன பிள்ளையிடம் இந்தக் கேள்வியை நாம் அநேகமாகக் கேட்டதே இல்லை.

கொழும்பில் தெருத் தண்டவாளத்தில் ஓடிய ட்ராம் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1899இல் தொடங்கி 1960 வரை ஓடியது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஒரு பாதை, பொரளைக்கு இன்னொன்று. கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு தாத்தாவிடம் பிள்ளை போய்க் கேட்டால், “நான் சின்ன வயதில் ட்ராமில்தான் பள்ளிக்கூடம் போனேன்” என்பார். பக்கத்தில் இருக்கும் அம்மம்மா, “இல்லை, அது மேலே கம்பி பிடித்து ஓடின ட்ரொலி பஸ்” என்பார். இரண்டுமே இந்த ஊரில் ஓடியவை. 1950களில் ஒரே நேரத்திலும் ஓடின. இப்போது பிள்ளை என்ன செய்ய வேண்டும்? தாத்தா பிறந்த வருடத்தைக் கேட்க வேண்டும். எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், அந்தத் தெருவில் தண்டவாளம் இருந்ததா என்று கேட்க வேண்டும். பிறகு பழைய பத்திரிகையையும் வரைபடத்தையும் தேட வேண்டும். அந்தக் குழப்பத்தில் இறங்கி வெளியே வருவதைத்தான் ஆய்வு என்கிறோம். அதே ட்ராம் சேவையில் 1929இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அன்றைக்குக் கம்பனியின் பக்கம் நின்றவர்கள் எழுதியதையும் தொழிலாளரின் பக்கம் நின்றவர்கள் எழுதியதையும் ஒன்றாக வைத்து வாசிக்கும் பிள்ளை, இனி எந்தச் செய்தியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாது.

மருத்துவம் பற்றிக் கேட்டீர்கள். நல்ல வைத்தியர் நோயாளி சொல்வதை முழுக்கக் கேட்பார், ஆனால் அதை மட்டும் வைத்து மருந்து எழுதமாட்டார். இரத்தப் பரிசோதனையையும் பழைய மருந்துத் துண்டுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார். உங்கள் மகள் பழகப்போவதும் அதைத்தான். ஒருவேளை அவளுடைய மனம் மாறினாலும் வழி அடைபடாது. சட்டபீடத்துக்கு உயர்தரத்தில் எந்தப் பிரிவிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். ஊடகம், நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவை என்று எங்கே போனாலும் ஆதாரம் தேடி ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு இடம் உண்டு.

தலைப்பில்தான் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். “கொழும்புத் தமிழர் வரலாறு” என்று எடுத்தால் இணையத்திலிருந்து வெட்டி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. சின்னதாக எடுக்கச் சொல்லுங்கள். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. அவற்றின் முதல் வருட விளம்பரங்களை மட்டும் பார்த்து, அன்றைய தமிழ் வீடுகளில் என்ன வாங்கினார்கள், யாருக்கு விற்றார்கள் என்று எழுதலாம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது தன் தெருவில் என்ன நடந்தது என்று தேடலாம். வெள்ளவத்தையில் இருந்த நெசவாலையும் நல்ல தலைப்பு.

பழைய பத்திரிகைகளுக்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகம் இருக்கிறது. ஒல்லாந்தர் காலப் பதிவுகளும் அங்கேதான். அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கி, முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் உங்களுக்குக் கிட்ட. வீட்டிலிருந்தே பார்க்க “நூலகம்” என்ற இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகளும் பாடசாலை மலர்களும் கிடக்கின்றன.

ஒரு விடயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கதை கேட்கத் தொடங்கினால் பேச்சு எப்படியும் 1983 ஜூலை இனக்கலவரத்துக்கு வரும். கேட்கக்கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். கேட்டு எழுதிவைக்க வேண்டிய கதைகள் அவை, சொல்லக்கூடியவர்களுக்கும் வயது போகிறது. ஆனால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். கைத்தொலைபேசியில் பதிவு செய்வதாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நடுவில் அவர் “போதும் பிள்ளை” என்றால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். பெயர் போட வேண்டாம் என்றால் போடக்கூடாது. முதல் நாள் நீங்களும் பக்கத்தில் இருங்கள். பரிசைவிட இந்தப் பண்பு பெரிது என்பதை அவள் அந்த இடத்திலேயே விளங்கிக்கொள்வாள்.

அப்புறம், நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். ரியூசன் சேரிடம் கொடுத்துத் திருத்தவும் வேண்டாம். கொமியூனிகேஷன் கடையில் மினுங்கும் அட்டை போட்டுக் கொண்டுபோனால் நடுவர் மயங்கமாட்டார். இரண்டு கேள்வி கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். அமெரிக்காவில் 1974 முதல் நடக்கும் தேசிய வரலாற்று நாள் போட்டியில், ஆய்வை எப்படிச் செய்தேன் என்று மாணவர் 500 சொற்களுக்குள் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் போட்டியில் கேட்காவிட்டாலும் அப்படி ஒரு பக்கம் எழுதிவைப்பது நல்ல பழக்கம். சாட்ஜிபிடியிடம் கேள்விகளைப் பற்றிக் கதைக்கலாம். அது சொன்னதை ஆதாரமாகப் போடக்கூடாது.

இந்தச் சனிக்கிழமை ரியூசன் முடிந்ததும் அவளைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டு சீனாவில் பொறித்துக் கடல் வழியாகக் கொண்டுவந்த கல், 1911இல் காலியில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரம் (தெவிநுவர) கோயில் தெய்வமான நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கிறது. ஒரு பகுதியை மட்டும் வாசித்தவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்று அவளையே கேளுங்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

போகும்போது புதுக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் எங்கே பார்த்தாள், யார் சொன்னார், என்ன திகதி என்று குறிக்கட்டும். வாரத்தில் ஞாயிறு பின்னேரம் மட்டும் இதற்கு ஒதுக்கினால் கணிதமும் விஞ்ஞானமும் கெட்டுப்போகாது. இரண்டு மூன்று தலைப்பு மனதில் வந்ததும் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். எதற்கு ஆதாரம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று சேர்ந்து பார்ப்போம்.