73939133 என்ற நம்பர்ல அப்படி என்ன ஸ்பெஷல்?

இது பகா எண், அதோட கடைசி இலக்கத்தை ஒவ்வொண்ணா வெட்டிக்கிட்டே வாங்க, 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7னு வர்ற எல்லாமே பகா எண்தான்! இந்த மாதிரி எண்கள் மொத்தமே 83தான் இருக்கு, அதுல பெருசு இதுதான்.

ஏன் இதோட நிக்குதுன்னா, பின்னாடி 1, 3, 7, 9 மட்டும்தான் சேர்க்க முடியும், இரட்டைப்படையோ 5ஓ வந்தா உடனே வகுபட்டுடும். இதோட இலக்கங்களைக் கூட்டினா 38, அதனால 1 சேர்த்தா 39, 7 சேர்த்தா 45, ரெண்டுமே 3ஆல வகுபடும், அவ்ளோதான் அவுட். 3, 9 சேர்த்தாலும் பகு எண்தான் வருது. எனக்கு ரொம்பப் பிடிச்ச நம்பர் இது, ஒரு பேப்பர்ல 7ல ஆரம்பிச்சு நீங்களே கிளை கிளையா போட்டுப் பாருங்க, பாதி கிளை சீக்கிரமே பட்டுப்போயிடும்.