பழைய காரில் கொஞ்ச நேரத்திலேயே ஏசி சூடாகிவிடுகிறது, ஹீட்டரும் சரியில்லை. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

உங்கள் கேள்வியிலிருந்து எனக்குப் புரிந்தது இது. 18 வருடப் பழைய கார். கிளம்பும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது, இருபது நிமிடம் ஓடியதும் காற்று சூடாகிவிடுகிறது. இரண்டு முறை கேஸ் நிரப்பியும் பலனில்லை. குளிர்காலத்தில் ஹீட்டரும் வெதுவெதுப்புக்கு மேல் போவதில்லை.

முதலில் ஒன்று, மூன்றாவது முறை கேஸ் நிரப்பாதீர்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், கசிவைப் பார்க்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. குறையாதபோது நிரப்பினாலோ இன்னும் மோசம், அழுத்தம் ஏறி இருந்த குளிர்ச்சியும் குறையும், கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரஸரும் அடிவாங்கும். உங்கள் காரில் முதல் இருபது நிமிடம் நன்றாகக் குளிர்கிறது என்கிறீர்கள். கேஸ் நன்றாகக் குறைந்த வண்டி பெரும்பாலும் கிளம்பும்போதே மந்தமாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை காற்று சூடானதும் ஏசியை அணைக்காமல் வண்டியை ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போதே பானெட்டைத் திறங்கள். டேஷ்போர்டு பக்கம் போகும் இரண்டு ஏசி பைப்பில் தடிமனானது எது என்று பாருங்கள், அதுதான் கம்ப்ரஸருக்குத் திரும்புவது. பெல்ட்டிலிருந்தும் ஃபேனிலிருந்தும் தள்ளி, டேஷ்போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதியை விரலால் தொடுங்கள் (ஃபேன் எந்த நேரமும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், தொளதொளச் சட்டையோடு குனியாதீர்கள்). மெல்லிய பைப்பைத் தொட வேண்டாம், சூடாக இருக்கலாம். அந்தத் தடிமனான பைப் ஜில்லென்று வியர்த்திருக்கிறதா இல்லையா என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

பைப் ஜில்லென்று இருந்தும் உள்ளே காற்று சூடாக வந்தால், குளிர் உண்டாகிறது, ஆனால் வழியில் வெந்நீர்ச் சூடு அதில் கலக்கிறது. டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில், எஞ்சினின் சூடான தண்ணீர் ஓடும் ஹீட்டர் கோர் என்று இரண்டு இருக்கின்றன. காற்று எதன் வழியாக எவ்வளவு போக வேண்டும் என்பதை ஒரு சின்னக் கதவு தீர்மானிக்கிறது. பழைய வண்டிகளில் அந்தக் கதவைத் திருப்பும் கேபிள் நழுவிவிடும், மோட்டார் உள்ள வண்டியென்றால் அதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிடும். அப்புறம் கதவு நடுவிலேயே நின்றுவிடுகிறது. எஞ்சின் சூடாகாதவரை ஹீட்டர் கோரில் ஓடுவது பச்சைத் தண்ணீர், அதனால் ஏசி அருமையாகத் தெரியும். எஞ்சின் சூடேறியதும் அதே கதவு வழியாக வெப்பம் நுழையும். குளிர்காலத்தில் இதே கதவு பாதிக் காற்றை மட்டும் ஹீட்டர் பக்கம் விடும், அதனால் வெதுவெதுப்போடு சரி. ஆக, உங்கள் இரண்டு தொல்லைக்கும் ஒரே காரணம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, நான் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன். வெப்பநிலைக் குமிழைக் கடைசிவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி டேஷ்போர்டில் காது வைத்துக் கேளுங்கள். கதவு சரியாக இருந்தால் இரண்டு கோடியிலும் மெத்தென்று மூடுகிற சத்தம் வரும். டக்டக்கென்று விடாமல் அடித்தால் பல்சக்கரம் போயிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள்.

பைப் ஜில்லென்று இல்லையென்றால் கம்ப்ரஸரின் முன்பக்கத்தைக் கவனியுங்கள், தொடாமல் கண்ணால் மட்டும். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும், அதன் முகப்பில் உள்ள தட்டு கிளட்ச் (கியர் கிளட்ச் இல்லை, தட்டைக் காந்தத்தால் புல்லியோடு ஒட்டவைக்கும் ஏசி கிளட்ச்) பிடித்தால்தான் சுற்றும். என் பழைய காரில் இதே கதைதான் நடந்தது. ஒரு ஒர்க்ஷாப்பில் இரண்டு முறை கேஸ் நிரப்பினார்கள், இரண்டு முறையும் முதல் அரை மணி நேரம் சொர்க்கம், பிறகு அனல். கடைசியில் வேறொரு மெக்கானிக் அண்ணன் வண்டியைச் சூடாகும்வரை ஓட விட்டுப் பக்கத்திலேயே நின்றார். தட்டு நின்றது. கிளட்ச் ஒயரில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தார், விளக்கு எரிந்தது. நீளமான மரக்கட்டை ஒன்றின் முனையால் தட்டை லேசாக உள்ளே தள்ளினார். டக்கென்று பிடித்துச் சுற்ற ஆரம்பித்தது, ஒரு நிமிடத்தில் உள்ளே குளிர் வந்தது. அவருக்குக் கை பழகிய வேலை அது, நீங்கள் செய்ய வேண்டாம். விஷயம் என்னவென்றால், வருடக்கணக்கில் தேய்ந்து தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இடைவெளி கூடிவிட்டது. அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. கிளட்சுக்குள் இருக்கும் மின்காந்தக் காயில் சூடாகச் சூடாக அதன் காந்த இழுப்பு குறையும், அந்தத் தூரத்தைத் தாண்டி இழுக்கத் தெம்பு இருக்காது. தட்டைக் கழற்றி, உள்ளே இருந்த நகத்தளவு கனமுள்ள வாஷர் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினார், அவ்வளவுதான். இரண்டு முறை நிரப்பிய கேஸ் ஒரு கிராம்கூடத் தேவைப்பட்டிருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. கரண்டே வரவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

காற்றின் வேகமே குறைந்துபோனால் அது வேறு. கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஏசியை மட்டும் அணைத்து ப்ளோயரை ஓட விடுங்கள், பத்து பதினைந்து நிமிடத்தில் வேகம் திரும்பி, வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டினால் சந்தேகமே வேண்டாம். கேபின் ஃபில்டரையும் காயிலில் செருகியிருக்கும் சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் மட்டும் சூடானால் கண்டன்ஸர் (ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியே விடுவது) ஃபேனைச் சந்தேகியுங்கள். ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால், அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் கருகியிருக்கிறது.

கசிவுதான் என்று முடிவானாலும் அதற்குத் தடயம் இருக்கும். கேஸோடு ஆயிலும் சேர்ந்தே சுற்றுவதால், கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் தெரியும். பைப் இணைப்புகள், கண்டன்ஸரின் முன்பக்கம், கம்ப்ரஸர் மூக்கு, சர்வீஸ் வால்வு இவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். அடைத்த பிறகு ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரை மாற்றி, வேக்யூம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), கேஸை எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். எஞ்சின் நிற்கும்போது கேஜில் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலே அந்த முள் வெயிலுக்கு ஏற்றபடி ஒரே இடத்தில்தான் நிற்கும், பாதி கேஸ் இருந்தாலும் முழுசாக இருந்தாலும் அதே கணக்குதான்.

ஹீட்டருக்கு வருவோம். கதவு நன்றாக இருந்தும் சூடு வரவில்லையென்றால், எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் (எஞ்சினுக்குள் சுற்றும் அந்தத் தண்ணீர்) அளவைப் பாருங்கள், சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. பிறகு எஞ்சினைச் சூடாக்கி, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸையும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ஒன்று கொதித்து மற்றது வெதுவெதுவென்று இருந்தால் ஹீட்டர் கோர் அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று நிற்கிறது. இரண்டுமே வெதுவெதுவென்று இருந்து, நெடுஞ்சாலையில் டெம்பரேச்சர் முள்ளும் இறங்கினால், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது. உள்ளே இனிப்பு வாசனை, முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான புகைமூட்டம், கால்விரிப்பில் ஈரம் இவற்றில் எது தெரிந்தாலும் ஹீட்டர் கோர் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள், கசிந்தால் கூலன்ட் இறங்கி எஞ்சினே போய்விடும்.

ஒர்க்ஷாப்புக்குப் போனதும் ‘கேஸ் செக் பண்ணுங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘இருபது நிமிடத்தில் காற்று சூடாகிறது, அப்போது பெரிய பைப் இப்படி இருந்தது, கிளட்ச் தட்டு இப்படி இருந்தது’ என்று சொல்லி, அதே இருபது நிமிடம் ஓட விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள்.